சருகுமான் எந்த மொழியில் எண்ணும்?

ஆற்றங்கரையில் சருகுமான் நிற்கிறது. அக்கரையில் பழம் பழுத்துத் தொங்குகிறது. நடுவில் ஆறு, ஆறு நிறைய முதலை. "ராஜா உங்களுக்கு விருந்து வைக்கிறார். எத்தனை பேர் என்று எண்ணி வரச் சொன்னார். வரிசையாக மிதந்து வாருங்கள்" என்கிறது சருகுமான். முதலைகள் கரைக்குக் கரை அணிவகுக்கின்றன. ஒரு முதுகுக்கு ஒரு குதி, ஒரு குதிக்கு மலாயில் ஓர் எண்: சாத்து, டுவா, தீகா. கடைசி முதுகிலிருந்து கரைக்குத் தாவிய பிறகுதான் முதலைகளுக்கு விஷயம் விளங்குகிறது. மலேசியாவில் பள்ளிக்குப் போனவர்கள் அனைவருக்கும் சாங் காஞ்சில் என்ற இந்தச் சருகுமானின் கதை தெரியும். கோல சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் ஆறும் வீட்டருகே ஓடுகிறது.

இந்தக் கதை அப்படியே ஒரு கேம். தாண்ட ஒரு தடம், அசையும் படிகள், கால் தவறினால் உயிர் போகும், சரியாகக் குதித்தால் எண்ணிக்கை ஏறும், முடிவில் பரிசு. 1981இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் உருவாக்கிய ஃபிராகர் விளையாட்டில் ஒரு தவளை மரக்கட்டைகள் மேலும் ஆமை முதுகு மேலும் தாவி ஆற்றைக் கடந்தது. அந்தத் தவளை உலகம் சுற்றியது. நம் சருகுமானுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

சருகுமான் திரைக்கு வந்தது மட்டும் நடந்தது. அரசின் திரைப்படப் பிரிவான ஃபிலெம் நெகாராவில் காட்சியரங்க வடிவமைப்பாளராக இருந்தவர் ஆனந்தம் சேவியர். அவர் வரைந்து உருவாக்கிய 'ஹிக்காயாட் சாங் காஞ்சில்' மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமாக மதிக்கப்படுகிறது. 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை 1983இல்தான் தொலைக்காட்சியை எட்டியது. பொதுப்பணத்தில், அரசு அலுவலகத்தில், பொதுமக்களுக்காக வரையப்பட்ட படம் அது. அப்படிப்பட்ட படைப்புகள் தொலைக்காட்சியிலிருந்து விளையாட்டாக மாறும்போது யாருக்குப் போய்ச் சேரும், எந்த மொழியில் சேரும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. இதை வடக்குச் சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் நின்றுகொண்டு கேட்கிறேன். ஒலிபரப்பு அரசியலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகிய மக்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனம் தன் தொடரை முறைப்படி விளையாட்டாக்கிய தெளிவான முன்னுதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. 2010 ஜூன் 5ஆம் தேதி பிபிசி தன் டாக்டர் ஹூ தொலைக்காட்சித் தொடரை ஒட்டி 'டாக்டர் ஹூ: தி அட்வெஞ்சர் கேம்ஸ்' என்ற வரிசையின் முதல் விளையாட்டை வெளியிட்டது. செய்தது ஷெஃபீல்டு நகரத்து சுமோ டிஜிட்டல் நிறுவனம். மேற்பார்வையில் சாகச விளையாட்டு உலகில் பெயர் பெற்ற சார்லஸ் சிசில் இருந்தார். தொடரில் நடித்த மேட் ஸ்மித்தும் கேரன் கில்லனுமே குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்டுத் தொடருக்குப் 13 தொலைக்காட்சிப் பகுதிகள். விளையாட்டாக வந்த 4 பகுதிகளையும் சேர்த்துப் 17 என்றே பிபிசி கணக்குச் சொன்னது. கேமைக் கதையின் அங்கமாகவே அது மதித்தது, கடையில் விற்கும் பொம்மைபோல அல்ல.

அதைவிட முக்கியமானது விலை. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அது இலவசம். தொலைக்காட்சி உரிமக் கட்டணம் கட்டும் குடும்பம் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டது, மறுபடி ஏன் வாங்க வேண்டும் என்பது வாதம். வெளிநாட்டினர் காசு கொடுத்து வாங்கினார்கள். கேம் விளையாடிப் பழகாத பெற்றோரும் பிள்ளையோடு உட்கார்ந்து கணினியைக் கையாளட்டும் என்ற நோக்கமும் திட்டத்தில் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட முறை அந்த முதல் விளையாட்டு பதிவிறக்கப்பட்டது. 2011 அக்டோபர் 31இல் வந்த ஐந்தாவது விளையாட்டு, 1605ஆம் ஆண்டு வெடிமருந்துச் சதியைக் களமாகக் கொண்டது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வரலாற்றுக்குள் அவர்களையே நடக்கவிட்டது.

பிறகு அந்த வரிசை நின்றுபோயிற்று. 2012இல் பிபிசியின் வணிகக் கிளை 'தி எடர்னிட்டி கிளாக்' என்ற டாக்டர் ஹூ விளையாட்டை விலைக்கு வெளியிட்டது. தொடர்ந்து வருவதாக இருந்த பாகங்கள் கைவிடப்பட்டன. இலவசமாகக் கொடுத்ததை மக்கள் அள்ளிக்கொண்டார்கள், விலை வைத்தது ஒரே பாகத்தோடு முடங்கியது. இந்த ஒப்பீட்டை நான் அதிகம் நீட்ட மாட்டேன். விளையாட்டின் தரமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் பொது நிறுவனம் எந்தப் பாதையில் வலுவாக நடந்தது என்பது தெரிகிறது.

பிபிசிக்கு இது திடீர் ஆசையும் அல்ல. 1981 டிசம்பரில் ஏக்கார்ன் நிறுவனத்தோடு சேர்ந்து பிபிசி மைக்ரோ கணினியைக் கொண்டுவந்தது. 1982 ஜனவரியில் அதைக் கற்றுக்கொடுக்கும் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கியது. 2014இல் 'தி டாக்டர் அண்ட் த டாலெக்' என்ற இலவச விளையாட்டின் வழியாகச் சிறுவர்களுக்கு நிரல் எழுதும் அறிவைப் புகட்டியது. நடுவில் ஒரு பெரிய அடியும் விழுந்தது. 2006இல் தொடங்கிய பிபிசி ஜாம் என்ற இலவச இணையக் கல்விச் சேவைக்கு 15 கோடி பவுண்டு ஒதுக்கியிருந்தார்கள். 'அரசுக் காசில் இலவசமாகக் கொடுத்தால் நாங்கள் எப்படிப் பிழைப்பது?' என்று தனியார் கல்வி நிறுவனங்கள் முறையிட்டன. 2007 மார்ச்சில் சேவை நிறுத்தப்பட்டது. பொது ஒளிபரப்பு நிறுவனம் விளையாட்டுத் துறைக்குள் வரும்போதெல்லாம் இந்த முறையீடு எழும். மலேசியாவிலும் எழும். தனியார் தொடாத இடத்தை நாங்கள் நிரப்புகிறோம் என்று காட்டுவதுதான் அதற்கு நியாயமான பதில். நம் நாட்டில் தனியார் தொடாத இடம் தமிழ் என்று நான் நினைக்கிறேன்.

பிபிசியின் கதை நமக்கு அந்நியம் அல்ல. 1960 முதல் 1969 வரை பிபிசியின் தலைமை இயக்குநராக இருந்தவர் ஹ்யூ கிரீன். டாக்டர் ஹூ பிறந்தது அவர் காலத்தில். அதே மனிதர் 1950–51இல் மலாயாவில் அவசரகாலத் தகவல் சேவையின் தலைவராக வேலை பார்த்தார். அவசரகாலத்தில்தான் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அரசாங்கத்தின் நோக்கம் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரச்சாரம். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்தப் பெட்டி தமிழும் பேசியது. 1946இல் தொடங்கிய ரேடியோ மலாயா மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. பால்மரக் காட்டில் வேலை முடித்து வந்தவர்கள் கூட்டமாக உட்கார்ந்து ஒரே பெட்டியைக் கேட்ட காலம் அது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. டாக்டர் ஹூ முதன்முதலில் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23. மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. சரியாக ஐந்து வார இடைவெளி. இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை விளையாட்டாகவும் ஆகிவிட்டது.

இனி மொழி. என் வாதம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

அலைவரிசையில் நேரம் என்பது நிலம் மாதிரி. நாளுக்கு 24 மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. தமிழ்ச் செய்திக்கு அரை மணி கொடுத்தால் அந்த அரை மணி வேறொருவருக்குக் கிடைக்காது. மலேசிய அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பரில் தொடங்கியது. தமிழ்ப் படத்துக்கும் நாடகத்துக்கும் செய்திக்கும் அதில் எவ்வளவு நேரம், எந்த நேரம் என்று கேட்பதே நம்மவர்களின் நிரந்தர வேலையாக இருந்தது. நேரத்தை மாற்றினால் மனு எழுதினோம், குறைத்தால் மறுபடி மனு. கேட்டது நியாயம்தான். ஆனால் அலைவரிசையின் இயல்பே ஒருவர் பங்கை இன்னொருவர் பங்கோடு மோதவிடுவது.

கேமில் அந்த மோதல் இல்லை. மொழி அங்கே ஒரு தெரிவு. தொடக்கத் திரையில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு வரி இருந்தால் தமிழைத் தொடும் பிள்ளைக்குத் தமிழ் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதனால் ஒரு நொடியும் குறையாது. சருகுமான் முதலை முதுகில் 'சாத்து, டுவா' என்றும் எண்ணலாம், 'ஒன்று, இரண்டு' என்றும் எண்ணலாம். செலவு உண்டு: மொழிபெயர்ப்பு, குரல் பதிவு, சோதனை. அது ஒருமுறைச் செலவு, ஆண்டுதோறும் பிடுங்கித் தின்னும் ஒளிபரப்பு நேரம் அல்ல. பல மொழி பேசும் நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் இதுவரை அமையவில்லை. ஒருவரிடமிருந்தும் எடுக்காமல் எல்லோருக்கும் கொடுக்க முடிகிற இடம் இது.

தமிழைச் சேர்ப்பது அவ்வளவு எளிதா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 'கொசு' என்று எழுதிப் பாருங்கள். கணினியின் யூனிகோடு நினைவில் முதலில் 'க' இருக்கும், அதன்பின் ஒகரக் குறி. திரையில் காட்டும்போது ஒற்றைக்கொம்பு 'க'வுக்கு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வந்து நிற்க வேண்டும். எழுத்தைக் கோக்கும் இந்த வேலையைச் செய்யத் தனி நிரல் தேவை. ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்த விளையாட்டு இயந்திரங்கள் சிலவற்றில் அந்த நிரல் இல்லை. அங்கே கொம்பும் காலும் சேர்ந்து பின்னால் ஒட்டிக்கொள்ளும், நடுவில் புள்ளி வைத்த வட்டம் ஒன்று முளைக்கும். ஏழு வயதுப் பிள்ளை அதைப் பார்த்தால் தமிழ் உடைந்துபோன மொழி என்றே நினைக்கும். பலரும் பயன்படுத்தும் யூனிட்டி இயந்திரத்தில் இது நீண்ட காலத் தலைவலி. கோடோ இயந்திரத்தின் நான்காம் பதிப்பு எழுத்துக்கோப்பு நிரலை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. ஆகவே தமிழைக் கடைசி வாரத்தில் ஒட்டவைக்க முடியாது. எந்த இயந்திரத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் முதல் கூட்டத்திலேயே தமிழ் மேசைமேல் இருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கும் கை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. கணினியில் தமிழ் எழுதும் முரசு அஞ்சல் மென்பொருளை 1985இலேயே உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததுதான். கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த அவருடைய செல்லினம், 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் ஒலி 96.8 தமிழ் வானொலியோடு கைகோத்து வெளியானது. பொது ஒலிபரப்பும் தமிழ்த் தொழில்நுட்பமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காஸ்வேக்கு அப்பால் சிங்கப்பூரில் இருபது ஆண்டுக்கு முன்பே சான்று இருக்கிறது.

தமிழில் கேம் வந்தால் எடுபடுமா என்ற சந்தேகத்துக்கு 'வெண்பா' பதில் சொல்லிவிட்டது. 2023 ஜூலை கடைசியில் கனடாவின் டொரொண்டோ நகரத்து விசை கேம்ஸ் வெளியிட்ட சிறிய விளையாட்டு அது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாய், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சமையல் குறிப்பேடு, அதில் அழிந்துபோன வரிகள். இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று ஆடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். சட்டியும் குழம்பும் கொதிக்கிற சத்தமும்தான் அங்கே சாகசம். மகன் அம்மாவின் மொழியிலிருந்து விலகிப்போவதை அந்த அழிந்த எழுத்துகள் வழியாகவே சொல்லிவிடுகிறார்கள். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. ஒரு சிறு குழு இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

மலேசியத் தனியார் படைப்பாளிகளும் சும்மா இல்லை. 2007இல் தொடங்கிய உப்பின் இப்பின் தொடர் 2025 ஜூலை 17இல் 'உப்பின் & இப்பின் யூனிவர்ஸ்' என்ற முழு விளையாட்டாக வந்தது. கம்போங் டுரியான் ருந்தோவில் கடை போட்டிருக்கும் முத்து, மாட்டோடு திரியும் ராஜு ஆகிய இருவரும் அந்தத் தொடரின் தமிழ் முகங்கள். பொபொய்பொய் தொடரில் எதையும் தின்பண்டமாக மாற்றும் கோபால் இருக்கிறான். நம் முகம் அங்கே அன்போடுதான் வரையப்பட்டிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ராஜு மலாய்த் தொடரின் பாத்திரம். அவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு எந்த மொழியில் பேசுவான் என்று காட்டுவது தொடரைத் தயாரிக்கும் தனியார் நிறுவனத்தின் கடமை அல்ல. பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அந்தக் கடமை உண்டு.

விலையையும் பாருங்கள். உப்பின் இப்பின் விளையாட்டு வெளியானபோது ஏறத்தாழ 170 ரிங்கிட். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். செம்பனைக் குலை வெட்டும் குடும்பத்துக்கு அது மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. முதலீடு போட்ட நிறுவனம் விலை வைத்தது தவறில்லை, அந்த விலை யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வெளியே நின்ற பிள்ளைகள் விளையாடாமல் இருக்கிறார்களா? இங்கே பெஸ்தாரி ஜெயா பக்கம் மாலையில் மாடிப்படியில் மூன்று பையன்கள் ஒரு கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் ஆடுவான், இருவர் கத்துவார்கள். ஆடுவது இலவச விளையாட்டு. இலவசம் என்று உள்ளே அழைத்து, வைரம் வாங்கு, உடை வாங்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கும் வகை. அம்மாவிடம் ஐந்து ரிங்கிட் கேட்டு டாப் அப் போடுவான் பையன். அந்த ஐந்து ரிங்கிட் கறிக்கும் காய்க்கும் போக வேண்டியது. பிள்ளைகள் கேமிலேயே கிடக்கிறார்கள் என்று திட்டுகிற பெரியவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: விளம்பரம் இல்லாத, உள்ளே காசு கேட்காத, நம் மொழியில் பேசுகிற ஒரு நல்ல விளையாட்டை நாம் அவர்கள் கையில் கொடுத்ததில்லை. அமெரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிஎஸ் அதைச் செய்தது. சிறுவர் தொடர்களை ஒட்டிய அதன் விளையாட்டுகள் இலவசம், விளம்பரம் கிடையாது. 2025 மே மாதம் அந்நாட்டுக் கல்வித்துறை அதற்கான நிதியை வெட்டிவிட்டது. பொதுப்பணத்தில் நிற்கிற எதற்கும் அந்த ஆபத்தும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே வடக்குச் சிலாங்கூருக்கு ஏற்ற விளையாட்டு எப்படி இருக்க வேண்டும்? பழைய, மலிவான கைப்பேசியில் ஓட வேண்டும். ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமல் ஆட முடிய வேண்டும், முன்கட்டண டேட்டாவைத் தின்னக் கூடாது. கிராமப்புறத்தில் அரசு நடத்தும் நாடி இணைய மையங்களில் அதை இறக்கிக்கொள்ள வழி வைக்கலாம். குரல் தமிழில் இருக்க வேண்டும், அதுவும் நம் தமிழ். சென்னைத் தமிழில் பேசும் சருகுமான் இங்கே எடுபடாது.

கதைக்குப் பஞ்சமே கிடையாது. கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்று ஒரு தோட்டம். பெயர் தமிழ்ப் பெயர். ஆனால் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது அங்கேதான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். இந்த மண்ணைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவர். கன்றை ஊன்றிய கைகளின் பெயர்களுக்கு எந்தப் பரிசும் இல்லை. தொலைக்காட்சி ஆவணப்படம் இதை அரை மணி நேரம் சொல்லலாம். விளையாட்டு அந்தக் கையாகவே பிள்ளையை நடக்கவிடும்: விடியுமுன் பெரட்டு என்னும் ஆளெடுப்பில் பெயர் கொடுப்பது, மழை வந்தால் பால் வெட்டு நின்று சம்பளம் போவது, கங்காணியின் கணக்கைச் சரிபார்ப்பது. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் தோட்டங்களின் மக்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு அலைந்தார்கள் என்பதும் விளையாட்டுக்கு ஒரு வரைபடம்தான். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரத்து மின்மினிகள் ஒரே தாளத்தில் கண் சிமிட்டுகின்றன. அந்தத் தாளத்தைப் பிடிப்பதே சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

கடைசியாக ஒரு தடை, பேசப்படாத தடை: உரிமை. டாக்டர் ஹூவின் புகழ்பெற்ற எதிரிகளான டாலெக்குகள் முழுக்க பிபிசியின் சொத்து அல்ல. அவற்றைப் படைத்த எழுத்தாளர் டெரி நேஷனின் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. 2004இல் பேச்சுவார்த்தை முறிந்து, டாலெக் இல்லாமலே தொடர் திரும்பிவருமோ என்ற நிலை வந்தது. பிறகுதான் சமரசம் ஆனது. ஓர் எழுத்தாளர் தன் படைப்பின் மேல் கையை வைத்திருந்ததால் அவர் குடும்பம் மேசையில் உட்கார்ந்து பேச முடிந்தது. நம் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தமிழ் நாடகம் எழுதியவர்களில் பலர் தோட்டப்புறத்து ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், பால்மரம் வெட்டும் தொழிலாளர்கள். எழுதிக் கொடுத்தார்கள், சிறு தொகை வாங்கினார்கள். நாளை அந்தக் கதை விளையாட்டாகும்போது அது யாருடையது என்று காட்ட ஒரு தாள் வேண்டும்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பாவோ பெரியம்மாவோ வானொலிக்கோ தொலைக்காட்சிக்கோ நாடகம் எழுதியிருந்தால், அந்தக் கையெழுத்துப் படியை வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தில் அவர் பெயரையும், எந்த ஆண்டு எழுதினார், எந்த நிகழ்ச்சிக்கு எழுதினார் என்பதையும் குறித்து வையுங்கள். படமெடுத்து ஒரு பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆர்டிஎம் தமிழ்ப் பிரிவில் பொறுப்பில் இருப்பவர்கள், தங்கள் கிடங்கில் இருக்கும் நிகழ்ச்சிகளின் பட்டியலை எழுதியவர் பெயரோடு பொதுவில் வையுங்கள். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.